ஒயில் அழுத்தத்தை அளந்து பாராமலே எஞ்சினைப் பிரித்துக் கிராங்கைக் கிரைண்ட் செய்தமை தொடர்பான முறைப்பாடு

அனுப்புநர்:
வாகன உரிமையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
முகாமையாளர்,
வாகனப் பழுதுபார்ப்புப் பிரிவு,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

விடயம்: மொரிஸ் மைனர் 1000 காரின் ஒயில் அழுத்தக் கோளாறு, தேவையற்ற எஞ்சின் வேலை, பணத்தை மீளளித்தல்

எனது தந்தையார் வாங்கி, இன்றுவரை எங்கள் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கும் 1098 சிசி மொரிஸ் மைனர் காரை, ஒயில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தங்கள் நிறுவனத்தின் பட்டறையில் ஒப்படைத்தேன். அங்கு எஞ்சின் கழற்றப்பட்டு, அதன் பிரதான சுழல்தண்டான கிராங்க் கிரைண்ட் செய்யப்பட்டு (தேய்த்து விட்டம் குறைக்கப்பட்டு), அதைத் தாங்கும் பெயாரிங்குகளும் ஒயில் பம்பும் மாற்றப்பட்டன. அவ்வளவுக்குப் பிறகும் கோளாறு அப்படியே இருந்தது. உண்மையான காரணம் எஞ்சினைக் கழற்றாமல் வெளியிலிருந்தே ஒரு ஸ்பானரால் திறக்கக்கூடிய ரிலீப் வால்வில் (ஒயில் அழுத்தம் அளவுமீறும்போது திறந்து மிகுதி ஒயிலைத் திருப்பிவிடும் வால்வில்) இருந்ததைப் பின்னர் வேறொரு மெக்கானிக் கண்டுபிடித்துச் சரிசெய்துள்ளார். இதனாலேயே இம்முறைப்பாட்டை எழுத்தில் தருகிறேன்.

காரைக் கையளித்த அன்று நான் சொன்ன விபரங்களை முதலில் நினைவூட்ட வேண்டும். காலி வீதியில் தெஹிவளைச் சந்தியிலோ பம்பலப்பிட்டியிலோ வாகன நெரிசலில் நிற்கும்போது விளக்கு மினுங்குகிறது என்றும், காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுகூட அந்த விளக்கு வழமையைவிடப் பிந்தியே அணைகிறது என்றும் தங்கள் பொறுப்பாளரிடம் தெளிவாகக் கூறினேன். இரண்டாவது விபரமே முக்கியமானது. பெயாரிங் தேய்ந்த எஞ்சினில், ஒயில் குளிர்ந்து தடிப்பாக இருக்கும் காலை வேளையில் அழுத்தம் நன்றாகவே ஏறும். எஞ்சின் சூடேறி ஒயில் இளகிய பின்னர்தான் அது இறங்கும். குளிரிலும் அழுத்தம் ஏறத் தயங்கினால், பெயாரிங்கைச் சந்தேகிப்பதற்கு முன்னர் ரிலீப் வால்வையும், பம்பையும், எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்பில் உள்ள உறிஞ்சு வடியையும் பார்க்க வேண்டும் என்பது பழைய பிரித்தானியக் கார்களில் வேலை செய்த எவரும் அறிந்ததே. ஆனால் எனக்குத் தரப்பட்ட ஜொப் கார்டில் "ஒயில் லைட்" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் எழுதப்படவில்லை.

கிராங்கும் பெயாரிங்கும் தேய்ந்துவிட்டன, எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும் எனப் பின்னர் தொலைபேசியில் எனக்கு அறிவிக்கப்பட்டது. அந்த முடிவு எந்த அளவீட்டின் அடிப்படையில் எடுக்கப்பட்டது என்று கேட்டபோது, "இந்தக் கால எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வருத்தம்" என்ற பதில் மட்டுமே கிடைத்தது. வேலை முடிந்து காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அதே மாலையில் விளக்கு மறுபடியும் மினுங்கியது. திரும்பக் கொண்டுசென்றபோது எச்சரிக்கை விளக்கின் சுவிட்ச் மாற்றப்பட்டது. அதுவும் பலனளிக்காதபோது, கைநூல் சொல்லும் தரத்தைவிடத் தடித்த ஒயில் ஊற்றப்பட்டு, பழைய கார் என்றால் இப்படித்தான் இருக்கும் என எனக்குச் சொல்லப்பட்டது. தடித்த ஒயில் எண்களைச் சற்று உயர்த்திக் காட்டுமே தவிர, கோளாறு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். அத்துடன் குளிர்ந்த எஞ்சினில் அது மேல்பகுதிகளுக்குப் போய்ச் சேரவும் தாமதமாகும்.

இதன் பின்னரே, மருதானைப் பக்கத்தில் நீண்டகாலமாக இவ்வகைக் கார்களைப் பார்த்துவரும் ஒரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டினேன். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. எச்சரிக்கை விளக்கின் சுவிட்சை எடுத்துவிட்டு, அந்தத் துளையில் ஒரு குழாய் வழியாக மெக்கானிக்கல் ஒயில் கேஜைப் பொருத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், நன்றாக ஓட்டிச் சூடேற்றிய பின்னரும் முள்ளைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். இந்த எஞ்சினுக்குச் சூடான நிலையில், சாதாரண ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தலும், ஐட்லிங்கில் 15 இறாத்தலுக்குக் குறையாமலும் அழுத்தம் இருக்க வேண்டும். என் காரில் குளிர்ந்த நிலையில்கூட முள் 25ஐத் தாண்டவில்லை. சூடேறிய பின்னர் எவ்வளவு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் 20இற்குச் சற்று மேலே போய் அங்கேயே நின்றது. ஆக்ஸிலரேட்டருடன் சேர்ந்து ஏறாமல் ஓரிடத்தில் முள் நிற்பதைக் காட்டி, ஒயில் எங்கோ திறந்த வழியால் சம்புக்குத் திரும்பிப் போகிறது என்று அவர் சொன்னார்.

எஞ்சின் பிளொக்கின் பின்புற ஓரத்தில் இருக்கும் குமிழ் வடிவ நட்டை அவர் கழற்றினார். ஸ்பிரிங் வெளியே வந்தது. அதன் பின்னால் இருந்த வால்வு வரவில்லை. அதை மெதுவாக அசைத்து எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தபோது, ஒரு பக்கத்தில் மட்டும் பளபளப்பான நீண்ட கீறலும், உட்காரும் விளிம்பில் கறுத்து இறுகிய கசடும், அந்தக் கசடுக்குள் நகத்துண்டு அளவிலான ஒரு மெல்லிய உலோகச் சிம்பும் இருந்ததை நான் என் கண்ணாலேயே கண்டேன். வால்வு பாதி திறந்தபடி இறுகியிருந்ததால், பம்ப் தள்ளிய ஒயிலில் பெரும்பங்கு பெயாரிங்குகளுக்குப் போகாமல் சம்புக்கே திரும்பியிருக்கிறது. வால்வையும் அதன் இருக்கையையும் துப்புரவாக்கி, பேஸ்ட் வைத்துத் தேய்த்து உட்காரச் செய்து, பஞ்சிகாவத்தையில் வாங்கிய புதிய ஸ்பிரிங்கைப் போட்டு, சரியான 20டபிள்யூ-50 ஒயிலையும் ஊற்றிய பின்னர், அதே கேஜில், சூடான எஞ்சினில், ஓட்டத்தின்போது 55 தொடக்கம் 60 வரையும் ஐட்லிங்கில் 25உம் காட்டியது. இந்த வேலைக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு காலைப்பொழுது. ஸ்பிரிங்கின் விலையை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. தங்கள் பற்றுச்சீட்டில் துடைக்கும் துணிக்கு இடப்பட்ட தொகையைவிட அது குறைவு.

ஒயில் பம்பைப் பற்றி ஒரு சொல். இந்தக் காரில் உள்ள ஏ-சீரிஸ் வகை எஞ்சினில் பம்ப், வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாப்டின் பின்முனையில், பிளைவீலுக்கும் பின்தகட்டுக்கும் உள்ளே ஒளிந்திருக்கிறது. அதைத் தொட எஞ்சினை இறக்கி, கிளட்சையும் பிளைவீலையும் கழற்ற வேண்டும். அவ்வளவு வேலை தேவைப்படும் ஒன்றுக்கு முன்னர், வெளியிலிருந்து திறக்கக்கூடிய வால்வைப் பார்ப்பதும், அதற்கும் முன்னர் ஒரு கேஜைப் பொருத்திப் பார்ப்பதும் எந்தப் பட்டறையிலும் முதல் படியாக இருந்திருக்க வேண்டும்.

பணத்தைவிட என்னை வருத்துவது கிராங்க். பம்ப் மாற்றப்பட்டால் பழையதைத் திரும்பப் போடலாம், பெயாரிங் வீணானால் இன்னொரு செட் வாங்கலாம். ஆனால் கிரைண்ட் செய்து எடுத்த இரும்பை எவராலும் திருப்பி வைக்க முடியாது. இந்த எஞ்சினின் மெயின் ஜேர்னல்கள் (கிராங்கில் மெயின் பெயாரிங்குகளுக்குள் சுழலும் பகுதிகள்) ஏறத்தாழ 1.75 அங்குல விட்டம் கொண்டவை. அவற்றை அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது பங்கு என்ற படிகளில்தான் குறைக்கலாம்; அதற்கு மேல் பொருத்தமான பெயாரிங் கிடைப்பது அரிது. என் காரின் கிராங்க் அதுவரை ஒருமுறையும் கிரைண்ட் செய்யப்படாத, தொழிற்சாலை அளவிலேயே இருந்த கிராங்க். மூன்று மெயின், பிஸ்டன் தண்டுகள் பிடிக்கும் நான்கு பிக்-எண்ட் என மொத்தம் ஏழு ஜேர்னல்களையும் மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, தேய்மானமும் முட்டை வடிவமும் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்தால் மட்டுமே அதில் கை வைத்திருக்க வேண்டும். தங்கள் பற்றுச்சீட்டு கிராங்க் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு குறைக்கப்பட்டதாகக் கூறுகிறது. ஆனால் கிரைண்ட் செய்வதற்கு முன்னரான அளவுகள் எந்த ஆவணத்திலும் இல்லை. முதலாவது படியைக்கூடத் தாண்டி நேராக இரண்டாவது படிக்குப் போனதற்கு என்ன காரணம் என்பதை அறிய எனக்கு உரிமை உண்டு. 1971இல் உற்பத்தி நின்றுபோன ஒரு காரின் கிராங்குக்கு மீதமிருக்கும் ஒவ்வொரு படியும் அந்தக் காரின் ஆயுள்தான்.

இன்னொரு விடயமும் என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. கிராங்க் கிரைண்ட் செய்யப்பட்ட பின்னர் பிளொக்கிலுள்ள ஒயில் வழிகள் யாவும் திறந்து கழுவப்பட வேண்டும். அவ்வாறு கழுவியிருந்தால் ரிலீப் வால்வு கழற்றப்பட்டிருக்கும், அதில் இறுகியிருந்த கசடும் கண்ணில் பட்டிருக்கும். அது தொடப்படவே இல்லை என்பதால், மற்ற வழிகளாவது கழுவப்பட்டனவா என்ற கேள்வி எழுகிறது. புதிய பெயாரிங்குகள் படிய வேண்டிய முதல் ஓட்டக் காலம் முழுவதும் அவை போதிய அழுத்தமின்றி ஓடியிருக்கின்றன. அந்தப் பாதிப்பு இன்று கேஜில் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பெயாரிங்கின் மேற்பரப்பில் தெரியும்.

ஆகவே, கிராங்க் கிரைண்டிங், பெயாரிங் செட், ஒயில் பம்ப், எஞ்சின் இறக்கி ஏற்றிய கூலி ஆகியவற்றுக்காக நான் செலுத்திய தொகை முழுவதையும் மீளளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கிராங்கை அனுப்பிய இயந்திரப் பட்டறையின் அளவீட்டுத் தாளின் பிரதியையும், கழற்றிய பழைய பெயாரிங்குகளையும் பழைய பம்பையும் எனக்குத் தரவேண்டும். அவை எனக்குச் சொந்தமான பொருட்கள், அவற்றைப் பார்த்தாலே தேய்மானம் இருந்ததா இல்லையா என்பது எவருக்கும் விளங்கும். அத்துடன், நான் தெரிவுசெய்யும் ஒரு மெக்கானிக் முன்னிலையில் மெயின் மற்றும் பிக்-எண்ட் பெயாரிங்குகளைத் திறந்து பார்ப்பதற்கான செலவையும், அவற்றில் கீறலோ தேய்வோ காணப்பட்டால் அவற்றை மாற்றும் செலவையும் தங்கள் நிறுவனமே ஏற்க வேண்டும்.

பற்றுச்சீட்டு, ஜொப் கார்ட், இரண்டாவது மெக்கானிக் எழுதித் தந்த அழுத்த அளவீடுகள், வால்வின் புகைப்படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். அந்த வால்வும் உலோகச் சிம்பும் என்னிடம் பத்திரமாக உள்ளன. தங்கள் பொறியியலாளர் வெள்ளவத்தைக்கு வந்து பார்க்க விரும்பினால் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அதிகார சபையிடம் இம்முறைப்பாட்டைச் சமர்ப்பிப்பேன். பதிலில் முதலாவதாக, கிரைண்ட் செய்வதற்கு முன்னர் ஏழு ஜேர்னல்களின் அளவுகள் என்னவாக இருந்தன என்பதைக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
வாகன உரிமையாளர்