எத்தனை சதவீதம், எதிலிருந்து?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய துணியிலிருந்தும் இயற்கைப் பருத்தியிலிருந்தும் தயாராகும் ஆடைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏதோ வெளிநாட்டில் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை போல அது எழுதப்பட்டிருந்தது. பல்லடம் பக்கம் கழிவுத் துணிக் கிடங்கு ஒன்றில் 11 ஆண்டுகள் கணக்கு எழுதியவள் நான். படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட், அதாவது துணி வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள், மூட்டை மூட்டையாக எங்கள் கிடங்குக்கு வரும். பெண்கள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். கறுப்பு தனி, கருநீலம் தனி, வெள்ளை தனி. எலாஸ்டிக்கோ பிரிண்ட் போட்ட துண்டோ கலந்துவிடக் கூடாது. முழுப் பருத்தியா, பாலியஸ்டர் சேர்ந்ததா என்பதை விரலால் தடவியே சொல்லிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பார்ப்பார்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும். பிரித்த துண்டுகள் முள் உருளை இயந்திரத்தில் கிழிபட்டு மறுபடி பஞ்சாகி, குட்டை இழையையும் நூற்கக்கூடிய ஓ.இ. (ஓபன் எண்ட்) மில்லில் நூலாகின்றன. கைலி, துண்டு, போர்வை, மிதியடி என்று எளியவர்கள் வீட்டில் அந்த நூல் எத்தனையோ காலமாகப் புழங்குகிறது. சூழலுக்கு உகந்தது என்று அதற்கு யாரும் பச்சை இலைப் படம் போட்டதில்லை.

நிறம் பிரிப்பதில்தான் பெரிய நன்மை இருக்கிறது. கறுப்புத் துண்டிலிருந்து கறுப்பு நூலே வரும். மறுபடி சாயம் ஏற்ற வேண்டியதில்லை. இதன் அருமை எனக்குத் தெரியும். என் அப்பாவின் நிலம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது. நொய்யலில் வந்த சாயத் தண்ணீரால் கிணறு உப்பாகி, அவர் வைத்த தென்னைகள் ஒவ்வொன்றாகக் கருகியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது திருப்பூரே ஸ்தம்பித்தது. அப்பா மட்டும் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஆகவே இந்த ஆடைகள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் கோபம் லேபிளின் மீது.

போன மாதம் மகனுக்கு ஒரு டி-ஷர்ட் வாங்கினேன். தொங்கிய அட்டையில் ‘பூமிக்கு உகந்தது, மறுசுழற்சி இழையால் ஆனது’ என்று இருந்தது. உள்லேபிளில் பருத்தி 60 சதவீதம், பாலியஸ்டர் 40 சதவீதம். இதில் எது மறுசுழற்சி? எவ்வளவு? கடையில் கேட்டேன், பதில் சொல்ல ஒருவரும் இல்லை. கிழித்தெடுத்த பஞ்சின் இழை குட்டையானது, வலுவுக்குப் புதுப்பஞ்சோ பாலியஸ்டரோ சேர்த்தே ஆக வேண்டும். அது குற்றமில்லை. சேர்த்ததைச் சொல்லாமல் விற்பது குற்றம். பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டரையும் நான் குறை சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த மேல்சட்டைக்கான துணி நம் கரூரில் அப்படித் தயாரானதுதான். ஆனால் பாட்டிலை மறுபடியும் பாட்டிலாக்க முடியும். பருத்தியோடு கலந்து சட்டையாகிவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. துவைக்கத் துவைக்க நுண்ணிழைகளும் தண்ணீரில் போகின்றன. வாங்குகிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

இயற்கைப் பருத்தியின் கதை இன்னும் சிக்கலானது. பூச்சிமருந்து அடித்த பஞ்சையும் அடிக்காத பஞ்சையும் எங்கள் கிடங்குப் பெண்களின் விரல்கூடப் பிரித்தறியாது. காகிதம்தான் சாட்சி. அந்தக் காகிதமே பொய்த்தது. இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று காட்டப்பட்டதை 2020 அக்டோபரில், இயற்கை விவசாய இழை ஆடைகளுக்கு உலக அளவில் தர விதி வகுக்கும் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பு வெளிப்படுத்தி, 11 நிறுவனங்களுக்குத் தடை விதித்தது. உண்மையாகவே மருந்தடிக்காமல் விளைவித்த விவசாயியின் வயிற்றில் அடித்த மோசடி அது.

ஏற்றுமதிச் சரக்குக்காவது இப்படிக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஜி.ஓ.டி.எஸ். முத்திரையோடு ‘ஆர்கானிக்’ என்று மட்டும் போட, 95 சதவீதமாவது இயற்கை விவசாய இழை இருக்க வேண்டும். 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எத்தனை சதவீதம் என்று எண்ணைச் சொல்லியே போட வேண்டும். மறுசுழற்சிப் பொருளுக்கான உலகத் தரச்சான்றான ஜி.ஆர்.எஸ். முத்திரையை ஆடையில் இட, பாதியாவது மறுசுழற்சி இழையாக இருக்க வேண்டும். வெளிநாட்டு வாங்குநர் கேட்கிறார் என்பதற்காகக் கழிவுத் துணி மூட்டைக்குக்கூட நான் காகிதம் தயார் செய்து அனுப்பியிருக்கிறேன். அதே திருப்பூரில் நம் கடைகளுக்குத் தைக்கும் சட்டைக்குப் பச்சை இலைப் படம் போதும் என்றாகிவிட்டது. ஆதாரம் காட்டாமல் ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அதைத் துணிக்கடையில் தொங்கும் அட்டை வரைக்கும் கொண்டுவர வேண்டும். எத்தனை சதவீதம், எதிலிருந்து: வெட்டுத் துண்டா, உடுத்திய துணியா, பாட்டிலா? விலைக்குப் பக்கத்தில், தமிழில், ஒரு வரி போதும்.

உங்கள் நிருபர் ஒருவரைக் கோவையிலோ சென்னையிலோ நாலு துணிக்கடைகளுக்கு அனுப்பி, இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். கிடைக்கும் பதிலை அப்படியே அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பல்லடம்.