டெட் யார்டெஸ்டாட்: பாட்டை எங்கே விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்வீடன் பாடகர் டெட் யார்டெஸ்டாட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் அவர் பெயர் அச்சேறுவதே அபூர்வம். ஆனால் அவருடைய மரணத்துக்கு ஒரு பக்கம், பாட்டுக்கு நான்கு வரி என்பது என்ன கணக்கு?

‘அபா குழு வளர்த்த பையன்’ என்கிறார் கட்டுரையாளர். ஸ்வீடனின் புகழ்பெற்ற பாப் இசைக்குழு அபா; அவர் சொல்வது பாதி உண்மைதான். 1971-இல், 15 வயதிலேயே டெட்டை போலார் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டவர் அபாவின் மேலாளர் ஸ்டிக் ஆண்டர்சன். மறு ஆண்டு வெளிவந்த முதல் இசைத்தட்டைத் தயாரித்தவர்கள் அபாவின் பென்னியும் பியோர்னும். பின்குரல் கொடுத்தவர்கள் அதே குழுவின் ஆக்னெதாவும் ஃப்ரீடாவும். ஆனால் மெட்டு டெட்டுடையது. வரிகள் அவரைவிட எட்டு வயது மூத்த அண்ணன் கென்னத்துடையவை. விட்டுப்போன காதலியை மறப்பதற்குத் தனக்கென ஒரு நிலா வேண்டும் என்று கேட்கும் அந்தப் பாட்டு அண்ணன் எழுதித் தம்பி பாடியது. மீசை அரும்பும் வயதுக் குரலில் அந்த ஏக்கம் செயற்கையாகத் தோன்றவில்லை என்பதே எனக்கு வியப்பு. கட்டுரையில் கென்னத் என்ற பெயரே இல்லை!

1973-இல், நாடுகளுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கான ஸ்வீடன் தேர்வுப் போட்டியில், பிற்பாடு அபா என்று பெயர் பெற்ற நால்வர் மூன்றாமிடம், டெட் நான்காமிடம். வளர்த்தவர்களுக்கும் ‘பையனுக்கும்’ இடையே இருந்தது அவ்வளவுதான். 1979-இல் அதே தேர்வில் வென்று ஜெருசலேமில் நடந்த யூரோவிஷன் மேடைக்குப் போய் 17-ஆம் இடம் பெற்றதைக் கட்டுரை பெரிய வீழ்ச்சியாகக் காட்டுகிறது. எனக்கோ அதற்கு முந்தைய ஆண்டில் அவர் அமெரிக்கச் சந்தைக்காக ஆங்கிலத்தில் பாடிய இசைத்தட்டுதான் சறுக்கல். இசைக்கருவிகள் வாசித்தவர்கள் கெட்டிக்காரர்கள், பாடுபவர்தான் எங்கோ விருந்தாளியாக நிற்கிறார்.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது வேறு. அவர் ஓஷோ இயக்கத்தில் சேர்ந்து பாட்டை ஒதுக்கியிருந்ததைச் சொன்னதும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்வீடனில் குடியேறிகளைச் சுட்டவர் அவரோ என்று ‘சந்தேகம் எழுந்தது’ என எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறீர்கள். சுட்டவன் வேறொருவன், 1992-இல் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றான். ஊர்வாய் கட்டிவிட்ட புரளி அது. மனநோயோடு போராடிக்கொண்டிருந்தவரை அது எவ்வளவு நோகடித்திருக்கும்! இதைச் சொல்ல ஒரு வரி போதுமே. 1997-இல், 41 வயதில், அவர் எவ்விதம் உயிரை விட்டார் என்ற வர்ணனையைக் குறைத்திருந்தால் இடமும் கிடைத்திருக்கும்; 1993-இல் புதுப் பாடல்களோடு அவர் திரும்பி வந்ததையும் எழுதியிருக்கலாம்.

அடுத்த இதழில் புரளி பற்றிய திருத்தத்தையும், பாடலாசிரியராகக் கென்னத் யார்டெஸ்டாட் பெயரையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்