மேகத்துக்கு மேலேயா, கீழேயா? அணுகுண்டுப் படம் எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர்களே, கதாசிரியர்களே, ஒலி வடிவமைப்பாளர்களே, கிராஃபிக்ஸ் கலைஞர்களே,

வணக்கம்.

அணுகுண்டு என்றதும் எல்லோர் மனத்திலும் எழுவது தண்டு நீண்டு தலை விரிந்த அந்தக் காளான் மேகம். ஹிரோஷிமா மேகத்தை உலகம் அறிந்த வடிவில் படமெடுத்தவர்கள் விமானத்தில் இருந்தவர்கள். குண்டைப் போட்டுவிட்டு விலகிப் பறந்துகொண்டிருந்தவர்கள். நகரின் நடுவில் நின்ற யாருக்கும் காளான் தெரியவில்லை. அவர்கள் கண்டது ஒரு வெளிச்சம், அப்புறம் புழுதி இருட்டு. ஜப்பானியர் குண்டுக்கு வைத்த பெயர் 'பிகாதோன்'. 'பிகா' பளிச்சென்ற ஒளி, 'தோன்' இடி. நடுவில் இருந்து பிழைத்தவர்களில் பலர் வெறும் 'பிகா' என்றே சொன்னார்கள். ஓசை கேட்ட நினைவே அவர்களுக்கு இல்லை.

உங்களிடம் நாங்கள் கேட்க விரும்புவது இதைத்தான்: கேமராவை எங்கே வைக்கப்போகிறீர்கள்? குண்டு போட்டது சரியா தவறா என்று பாத்திரங்கள் பேசும் வசனத்துக்கு நீங்கள் மாதக்கணக்கில் மெனக்கெடுவீர்கள். ஆனால் கேமரா மேலே ஏறிய நொடியிலேயே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

பழைய உதாரணம் ஒன்று. 1947இல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் குண்டு உருவான கதையைப் படமாக்கியது. அதில் ஹிரோஷிமாவுக்குப் போகும் விமானத்தைச் சுற்றித் தரையிலிருந்து பீரங்கிக் குண்டுகள் வெடிக்கின்றன. நகர மக்களைப் பத்து நாளாகத் துண்டறிக்கை போட்டு எச்சரித்துவருவதாக ஒரு வசனமும் வருகிறது. இரண்டும் பொய். 1945 ஆகஸ்ட் 6 காலை அந்த விமானத்தை யாரும் சுடவில்லை. அணுகுண்டு வருகிறது என்று ஹிரோஷிமாவுக்கு எந்த அறிக்கையும் போகவில்லை. அதிபர் ட்ரூமன் தோன்றும் காட்சியோ, வெள்ளை மாளிகை முகம் சுளித்ததால் திரும்ப எடுக்கப்பட்டது. அந்தப் பீரங்கிப் புகை எதற்கு என்று யோசியுங்கள். எதிரியும் சுட்டான், விமானிகளும் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்று பார்ப்பவன் நிம்மதி அடைவதற்கு. பரபரப்புக்காகச் சேர்த்த நாலு வெடிப்புகள் ஒரு படுகொலையைச் சரிக்குச் சரி சண்டையாக மாற்றிவிட்டன.

கீழே நின்ற கேமரா ஒன்றும் இருந்தது. யோஷிதோ மட்சுஷிகே, 'சூகோகு ஷிம்புன்' நாளிதழின் புகைப்படக்காரர். அன்று அவர் கையில் இரண்டு ஃபிலிம் சுருள். 24 படம் எடுக்கலாம். பதினொரு மணிக்கு மேல், வெடிப்பின் நேர்க்கீழ்ப் புள்ளியிலிருந்து இரண்டேகால் கிலோமீட்டர் அளவில் உள்ள மியுகி பாலத்தருகே நின்றார். தீப்புண்ணோடு குந்தியிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமையல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் அவருக்கு ஷட்டரை அழுத்த மனம் வரவில்லை. அழுத்தியபோது வியூஃபைண்டர் கண்ணீரில் மங்கியது என்று பின்னாளில் சொன்னார். கருகிய டிராம் வண்டியொன்றில் படியில் கால் வைத்து எட்டிப் பார்த்தார். உள்ளே பிணங்கள். படம் எடுக்காமலே இறங்கிவிட்டார். அன்று முழுதும் அவர் எடுத்தது ஏழு படம், தேறியது ஐந்து. நகரவாசி ஒருவர் அந்த நாளிலேயே நகருக்குள் நின்று எடுத்த படங்கள் என்று நம்மிடம் இருப்பவை அநேகமாக அந்த ஐந்தும்தான். எடுக்காமல் விட்ட பதினேழும் உங்கள் கலைக்குப் பாடம். எதைக் காட்டலாம் என்ற கேள்வியைப் பிணங்களின் முன்னால் நின்று கேட்டுக்கொண்டவர் அவர்.

திரைப்படச் சுருள்களுக்கு நேர்ந்தது வேறு. 'நிப்பான் எய்காஷா' நிறுவனத்தார் 1945 செப்டம்பரில் இரு நகரங்களிலும் படமெடுக்கத் தொடங்கினார்கள். அக்டோபரில் நாகசாகியில் அவர்களுடைய ஒளிப்பதிவாளர் ஒருவரை அமெரிக்கப் படையினர் பிடித்தார்கள். முடிந்த படத்தை 1946இல் அமெரிக்காவுக்கு எடுத்துப்போய்ப் பூட்டிவைத்தார்கள். 1967இல்தான் அதன் பிரதி ஜப்பானுக்குத் திரும்பியது. மேலிருந்து எடுத்த மேகம் உடனே உலகம் சுற்றிவந்தது. கீழிருந்து எடுத்தது இருபது ஆண்டு இருட்டில் கிடந்தது. உங்கள் படக்குழு 'ரெஃபரன்ஸ்' தேடும்போது முதலில் காளான் வந்து விழுவதற்குக் காரணம் இதுதான்.

இனித் தொழில் விவரம். ஒளியும் ஓசையும் ஒன்றாக வரக் கூடாது. ஹிரோஷிமாவில் குண்டு வெடித்தது காலை 8.15க்கு, தரைக்கு மேலே ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில். வெப்பக்கதிர் ஒளியோடு வந்துவிட்டது. தோலைப் பொசுக்க மூன்று நொடிக்குமேல் அதற்குத் தேவைப்படவில்லை. அதிர்வலை இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றவரை அடைய ஐந்து நொடியளவு ஆனது. அந்த ஐந்து நொடியை வெட்டிவிடாதீர்கள். வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னலருகே போனவர்கள் மேல் கண்ணாடி வந்து பாய்ந்தது அந்த இடைவெளியில்தான். முதல் பிரேமிலேயே இடி முழக்கினால் இந்தச் சாவு உங்கள் கதையிலிருந்தே போய்விடும். குண்டை உருவாக்கிய விஞ்ஞானிகளுக்குத் தலைமை தாங்கியவரைப் பற்றி 2023இல் வந்த 'ஓப்பன்ஹைமர்' படம், சோதனை வெடிப்பில் நிசப்தத்தை நீளவிட்டுப் பிறகு ஓசையைக் கொண்டுவந்தது. அது சரியான செயல்.

கிராஃபிக்ஸில் அடிக்கடி நடக்கும் தவறு, மனிதர்களை ஆவியாக்குவது. ஒரு நொடியில் எலும்புக்கூடு, மறுநொடியில் சாம்பல். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது சுமிதோமோ வங்கிப் படிக்கல்லில் பதிந்த நிழல். அந்த இடம் நேர்க்கீழ்ப் புள்ளியிலிருந்து 260 மீட்டர். வெப்பத்தில் சுற்றியிருந்த கல் வெளுத்தது. உட்கார்ந்திருந்தவரின் உடல் மறைத்த இடம் வெளுக்கவில்லை. உடல் காற்றில் கரைந்துவிடவில்லை. அவ்வளவு அருகிலும் கருகிய உடல்கள் கிடந்தன, உறவினர் தேடி வந்தார்கள். கண்ணிமைக்குமுன் மறைந்த சாவு பார்ப்பவனுக்குச் சுலபமான சாவு. அதில் தண்ணீர் கேட்கும் குரல் இல்லை, தண்ணீர் கொடுத்தால் செத்துவிடுவார்கள் என்று பயந்து கொடுக்காமல் விட்டவர்களின் ஆயுட்கால உறுத்தலும் இல்லை.

துணை நடிகர்களை நடக்கவிடும்போது கைகளைப் பாருங்கள். தப்பி வந்தவர்கள் கைகளை முன்னால் நீட்டி, விரல்கள் கீழே தொங்க நடந்தார்கள். உரிந்த தோல் உடம்பில் பட்டால் வலி தாங்காது, அதனால். காரணம் தெரியாமல் பேய்ப்பட நடை நடக்கவிட்டால் அது அவமதிப்பு. கிமோனோவின் கருந்துணி வெப்பத்தை உறிஞ்சியதால் அதன் கோலமே சிலர் முதுகில் தழும்பானது. வெடித்து அரை மணிக்குள் சில பகுதிகளில் கறுப்பு மழை பெய்தது. தாகத்தில் வாயைத் திறந்து அதைக் குடித்தார்கள்.

படங்கள் பெரும்பாலும் அன்று மாலையோடு முடிந்துவிடுகின்றன. கதிர்வீச்சுக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லாதவருக்கு இரண்டு வாரம் கழித்து முடி கொட்டியது, தோலில் ஊதாப் புள்ளிகள், ஈறில் ரத்தம். பலர் செப்டம்பரில் இறந்தார்கள். ரத்தப் புற்றுநோய் ஆறு, எட்டு ஆண்டு கழித்து உச்சத்துக்கு வந்தது. குண்டு விழுந்தபோது இரண்டு வயதாயிருந்த சடாகோ சசாகி இறந்தது 1955இல். ஆகவே திரைக்கதையில் 'மூன்று வாரத்துக்குப் பின்' என்று ஒரு காட்சியாவது வையுங்கள்.

'ஓப்பன்ஹைமர்' ஹிரோஷிமாவைக் காட்டவே இல்லை. நாயகன் பார்க்காததை நாமும் பார்க்க வேண்டாம் என்ற முடிவு நேர்மையானதாக இருக்கலாம். ஆனால் அவன் குற்ற உணர்வில் தோல் உரிவது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகத்தில். கற்பனையில்கூட ஜப்பானிய முகம் ஒன்று வரவில்லை. நியூ மெக்சிகோவில் 1945 ஜூலை 16 விடியலில் சோதனை நடந்தபோது அக்கம்பக்கத்துப் பண்ணைக் குடும்பங்களுக்கு முன்னறிவிப்பு இல்லை, அவர்களை வெளியேற்றவும் இல்லை. 1990இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் அவர்களை விட்டுவிட்டது, 2025இல்தான் சேர்த்தது. குண்டின் முதல் பலிகளான அவர்களுக்கும் அந்தப் படத்தில் ஒரு ஷாட் இல்லை.

கீதை வசனத்தைப் பற்றி ஒரு சொல். 'நானே மரணமானேன்' என்று ஓப்பன்ஹைமர் சொல்லும் காட்சி 1965 தொலைக்காட்சிப் பேட்டி. வெடிப்பின்போது அவர் அதை வாய்விட்டுச் சொன்னதாகச் சான்றில்லை. மூலத்தில் 'காலோஸ்மி'. தமிழில் காலம் என்றும் காலன் என்றும் இரண்டும் நம் நாவில் இருப்பதால் அந்தச் சொல்லின் இரட்டை முகம் நமக்கு எளிதில் பிடிபடும். சொல்பவன் கண்ணன், கேட்பவன் வில்லைக் கீழே போட்ட அர்ச்சுனன். விஞ்ஞானியை எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

விவாதக் காட்சியில் எண்கள் வரும். குண்டு போட்டபோது அமெரிக்கப் போர்த்துறை அமைச்சராயிருந்த ஸ்டிம்சன் 1947இல் எழுதிய கட்டுரையில், ஜப்பானுக்குள் படை இறங்கியிருந்தால் அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் சேதம் என்றார். அது மாண்டோரும் காயமுற்றோரும் சேர்ந்த கணக்கு. 'பத்து லட்சம் உயிர் காப்பாற்றப்பட்டது' என்று வசனமாக்கினால் பொய். ஹிரோஷிமா 'ராணுவத் தளம்' என்று ட்ரூமன் வானொலியில் சொன்னார். படைத் தலைமையகம் அங்கே இருந்தது உண்மை. குறி வைத்ததோ நகர நடுவிலுள்ள அயோய் பாலத்துக்கு. வெடித்தது ஷிமா மருத்துவமனைக்கு மேலே. தீத்தடுப்புக்காக வீடிடிக்கும் வேலையில் நின்ற பள்ளி மாணவர்களில் மட்டும் 6,000 பேரளவில் இறந்தார்கள்.

ஜப்பானியப் படங்கள் பலவற்றுக்கும் ஒரு மௌனம் உண்டு. 1945 ஆகஸ்டில்தான் போரே தொடங்கியதுபோல் கதை ஆரம்பிக்கும், ஜப்பானியப் படை சீனாவில் படுகொலை நடத்திய நான்ஜிங் வராது. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியப் படை சயாம் - பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோன பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் செத்துப் பாதையோரம் புதைந்தார்கள். மிஞ்சியவர்கள் வீடு திரும்பக் காத்திருந்தது ஜப்பான் தோற்பதற்காக. அவர்களிடம் போய் குண்டு அநியாயம் என்று சொல்வது சுலபமல்ல. அநியாயம் என்றே நாங்கள் கருதுகிறோம். ஆயினும் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருப்பதை உணர்கிறோம். உங்கள் படமும் அந்த முகத்தைத் தவிர்க்காமல் சொல்லட்டும்.

கடைசியில் எண் அட்டை போடுவீர்கள். ஹிரோஷிமாவுக்கு 1,40,000 என்பது 1945 டிசம்பர் முடிய உள்ள மதிப்பீடு. அந்த மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். நினைவுச்சின்னத்தின் பெயர்ப் பதிவேட்டில் ஒவ்வொரு ஆகஸ்ட் 6 அன்றும் புதுப் பெயர்கள் சேர்கின்றன. இறந்தவர்களில் வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுக்கு 1970இல் எழுப்பிய கல் அமைதிப் பூங்காவுக்கு வெளியே நின்றது. 1999இல்தான் உள்ளே வந்தது. அதனால் அட்டையில் 'ஜப்பானியர்' என்று போட வேண்டாம். 'மக்கள்' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
போர்ப் படங்களைப் பார்த்தும் பாடம் சொல்லியும் வருகிற சிலர்