தெளிந்த வானமும் தாமதமான விமானமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

"வானம் தெளிவாக இருந்தும் கட்டுப்பாட்டு அறையின் மெத்தனத்தால் மதுரையில் சென்னை விமானம் முக்கால் மணி நேரம் தாமதம்" என்று தங்கள் நாளிதழில் சென்ற வாரம் படித்தேன். நெஞ்சு கொதித்தது. அந்தக் கட்டுப்பாட்டு அறை வேலையில் தலைமுடி நரைத்து ஓய்வு பெற்றவன் நான்.

விமானங்கள் இஷ்டத்துக்குப் பறப்பதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. வகுத்த பாதையில், பெயரிட்ட புள்ளிகளைத் தொட்டுத்தான் போகும். வானம் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன? நாலு திசைப் பாதைகளும் ஒரு புள்ளியில் வந்து கூடினால், அந்தப் புள்ளி தாங்குகிற அளவுதான் கணக்கு. ஏறும் பாதை இறங்கும் பாதையை வெட்டினால் ஒருவரைப் பாதி உயரத்தில் பிடித்துவைத்தே ஆகவேண்டும். போதாக்குறைக்கு, சென்னையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இரண்டு இருந்தும் இரண்டின் பலன் இல்லை. அங்கே போய் வட்டமடித்தால் ஒரு சுற்றுக்கு நாலு நிமிட எரிபொருள் வீண். அதனால்தான் இங்கேயே தரையில் நிறுத்துகிறார்கள். இது மெத்தனமா?

நான் இருந்த கோபுரத்தில் அன்று ரேடார் கிடையாது. ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் புள்ளி, நேரம், உயரம் குறித்த ஒரு காகிதச் சீட்டு, கையில் பென்சில். ஒரே பாதையில், ஒரே உயரத்தில் முன்னும் பின்னும் வருபவற்றுக்குப் பத்து நிமிட இடைவெளி. ஒரு ஐப்பசி மாலை இரண்டு சீட்டுகளில் ஒரே புள்ளி, ஒரே நேரம், ஒரே உயரம் கேட்டு வந்தது. ஒன்றை மேலேயே பிடித்துவைத்தேன். அது தாமதமாக இறங்கியது. பயணி ஒருவர் தேடி வந்து வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார். இன்றும் உசிலம்பட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போனால், "உங்க ஆளுங்க தூங்குனா இப்படித்தான்" என்கிறார் மைத்துனர், தங்கள் செய்தியைக் காட்டி.

2003 நவம்பரில் 29,000 அடிக்கு மேல் மேலும் கீழுமாகப் பறக்கும் விமானங்களுக்கிடையே உள்ள உயர இடைவெளியை 2,000 அடியிலிருந்து 1,000 ஆக்கி, 41,000 அடிக்குள் பறப்பதற்கு ஆறு புதிய உயர அடுக்குகளைத் திறந்தார்கள். அன்று யார் பாராட்டினார்கள்? நம் வான்வெளியில் 60 சதவீதம்தான் பயணிகள் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்று 2020 மே மாதம் நிதியமைச்சரே அறிவித்தார். பாதைகள் ஏன் வளைந்து போகின்றன என்பதற்கு அதில் பாதி விடை இருக்கிறது. அதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதியிருக்கலாம். மதுரை ஓடுபாதை நீட்டப்படாமல் 7,500 அடி நீளத்திலேயே கிடந்த வருடங்களைப் பற்றியும் எழுதியிருக்கலாம். மைக்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பவனை ஏசுவது மட்டும் எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது.

இனி தாமதச் செய்தி வந்தால், அச்சுக்குப் போகுமுன் தங்கள் நிருபர் விமான நிலைய அலுவலகத்தில் காரணத்தைக் கேட்டு, அதையும் ஒரு வரி சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்,
திருநகர், மதுரை.