பழைய பெட்டி மறுபடி எழுந்தது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. திரை முன்னால் அதிக நேரம் உட்காராதே. உன் அப்பாவின் கணினி இத்தனை வருஷம் சும்மா கிடந்தது, இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும். அதை எழுப்பி அவர் கோப்புகளை எடுப்பது எப்படி என்று நீ கேட்டதை நானே ஒருமுறை செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று, மூடி வைத்திருந்த என் விண்டோஸ் 98 பெட்டியைத் தூசி தட்டி எடுத்தேன். தாமதம் அதனால்தான்.

'இன்வாலிட் சிஸ்டம் டிஸ்க்' என்று வந்து நின்றுவிடுகிறது என்கிறாய். முதலில் ஃபிளாப்பி (பழைய சதுர டிஸ்க்) டிரைவில் ஏதாவது டிஸ்க் செருகியபடியே இருக்கிறதா பார். இந்தச் செய்தி வர அதுவே போதும். அப்படி இல்லையென்றால், ஹார்ட் டிஸ்கின் பூட் செக்டர், அதாவது கணினியை எழுப்பும் சிறு நிரல் இருக்கிற இடம், ஐஓ.சிஸ் என்ற சிஸ்டம் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் நிற்கிறது. அப்பா எழுதி வைத்தவை பெரும்பாலும் அப்படியே இருக்கும், பயப்படாதே.

என் பெட்டி அதுவரைக்கும்கூடப் போகவில்லை. மதர்போர்டில் காசு போல இருக்குமே, சிஆர்2032, 3 வோல்ட் பேட்டரி, அது தீர்ந்து, கணினியைப் போட்டதும் முதலில் ஓடுகிற பயாஸ் தன் அமைப்புகள் எல்லாவற்றையும் மறந்திருந்தது. புதியது போட்டு, பயாஸுக்குள் போய் ஹார்ட் டிஸ்கைத் தேடச் சொன்ன பிறகுதான் 4.3 ஜிபி என்று காட்டியது. எதிலிருந்து எழ வேண்டும் என்கிற பூட் வரிசையில் ஏ டிரைவை, அதாவது ஃபிளாப்பியை, முதலில் வைத்தேன். உன்னுடையதிலும் தேதி தப்பாகக் காட்டினால் பேட்டரியை மாற்றிவிடு.

ஃபிளாப்பிகள்தான் பாடாய்ப் படுத்தின. சறுக்கு மூடியை நகர்த்திப் பார்த்தால் நாலில் உள்ளே கருப்புத் தட்டின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் அதைப் படிக்கிற ஹெட்டும் கெட்டுவிடும், தூக்கிப் போட்டுவிட்டேன். ஐந்தாவது நன்றாக இருந்தது. யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வைத்து லேப்டாப்பிலிருந்து 98-இன் ஸ்டார்ட்அப் டிஸ்க் இமேஜை (முழு டிஸ்கின் நகலை) அப்படியே எழுதினேன். கோப்புகளை மட்டும் காப்பி செய்தால் பூட் ஆகாது. முதல் 512 பைட்டில் இருக்கிற பூட் செக்டரும் அதில் போய்ச் சேர வேண்டும். எழுதி முடித்ததும் மூலையிலுள்ள தாழைத் தள்ளி ஓட்டையைத் திறந்து வைத்தேன். அதன்பின் எந்த வைரஸும் அதில் எழுத முடியாது.

டிரைவ் கரகரவென்று ஓடி, பச்சை விளக்கு எரிந்து, மூன்று வரி மெனு வந்தது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம்! நினைவகத்துக்குள்ளேயே 2 எம்பி ராம் டிரைவ் ஒன்றை அது தானே உண்டாக்கிக்கொள்ளும். அதனால் சிடி டிரைவின் எழுத்து ஒன்று தள்ளிப் போயிருக்கும், குழம்பாதே. ஹார்ட் டிஸ்கான சி டிரைவுக்கு மாறி, கோப்புப் பட்டியல் காட்டும் டிஐஆர் தட்டினேன். எல்லாம் இருந்தது. நீளமான பெயர்கள் மட்டும் ஆறெழுத்தும் ~1-ம் ஆகச் சுருங்கியிருந்தன.

இந்த இடத்தில்தான் நீ அவசரப்படக் கூடாது. 'சிஸ் சி:' தட்டினால் கணினி எழுந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அது சிஸ்டம் கோப்புகளை ஹார்ட் டிஸ்கில் எழுதுகிற கட்டளை. முதலில் வேறு ஃபிளாப்பி போட்டு அப்பாவின் கோப்புகளை எடு. கூடவே விண்டோஸுக்குள் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவர் பயன்படுத்திய தமிழ் எழுத்துருவையும் எடுத்துக்கொள். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தட்டச்சு அது. எழுத்துரு இல்லாமல் திறந்தால் அவர் எழுதியது வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். இதை நான் கடைசி நேரத்தில்தான் நினைத்துக்கொண்டேன்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உனக்குத் தெரியும். அன்று என் கணினி பூட் ஆகாதபோது யோசிக்காமல், டிஸ்கின் முதல் செக்டரிலுள்ள பூட் நிரலைப் புதிதாக எழுதுகிற 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' தட்டினேன். உள்ளே இருந்தது மங்கி வைரஸ். அது, டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் உண்மையான பார்ட்டிஷன் டேபிளை மாற்றி எழுதி வேறொரு செக்டரில் வைத்திருந்தது. வைரஸ் இருந்த இடத்தை நான் அழித்ததும் சி டிரைவே காணாமல் போனது. நாம் இருவரும் சேர்ந்து எழுதிய புரோகிராம்கள் எல்லாம் அதோடு போயின. நீ ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. சுத்தமான ஃபிளாப்பியில் பூட் செய்தும் சி டிரைவ் தெரியவில்லை என்றால் அந்தக் கட்டளையைத் தொடவே தொடாதே.

பூட் டிஸ்க் இரண்டு, வெற்று ஃபிளாப்பி ஆறு, பேட்டரி ஒன்று, எல்லாம் தனியாக அனுப்புகிறேன். இரண்டு பூட் டிஸ்கில் ஒன்று 98-க்கு, மற்றது அதன் அடுத்த பதிப்பான செகண்ட் எடிஷனுக்கு. மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். சிஸ் தட்டும்போது அப்பாவின் கணினியில் எது இருக்கிறதோ அதே பதிப்பின் டிஸ்க்தான் வேண்டும். டாக்டர் சரி என்று சொன்னதும் ஆரம்பி. கோப்புகளை எடுத்து முடித்ததும் எனக்கு போன் பண்ணு, மீதியைச் சேர்ந்தே செய்யலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி