எட்டு அணியும் பிளே-ஆஃபுக்குப் போனால் லீக் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெச்சூர் பூல் (க்யூ என்ற கோலால் பந்துகளை மேசைக் குழிகளில் தள்ளும் ஆட்டம்) லீக்குகளுக்கு எந்த பிளே-ஆஃப் முறை ஏற்றது என்பது பற்றி சென்ற இதழில் வந்திருந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். லீக்கில் ஆடிய எட்டு அணிகளையும் நேரே நாக்-அவுட்டில் போட்டுவிட வேண்டும், முதலில் மூன்று ரேக் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு சுற்று ஒரு ரேக்) எடுப்பவருக்கு வெற்றி என்று வைத்தால் விறுவிறுப்பாக இருக்கும் என்கிறார் அவர். விறுவிறுப்பாக இருக்கும்தான். ஆனால் மாதக்கணக்கில் ஆடிய லீக்குக்கு அதன்பிறகு என்ன மதிப்பு?

பூல் பார்லரில் வாராவாரம் லீக் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அமெச்சூர் லீக்கைக் கெடுப்பது வாக்-ஓவர்தான், அதாவது ஆட வராமலே வெற்றியை எதிரணிக்கு விட்டுவிடுவது. ஆபீஸ் முடிந்து வர நேரமாகிவிட்டது, ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் வீட்டில் விசேஷம். காரணம் எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் எப்படியும் பிளே-ஆஃபுக்குப் போய்விடுவோம் என்று தெரிந்த அணிக்குத்தான் இந்தக் காரணங்கள் அதிகமாகக் கிடைக்கின்றன. எங்கள் ஊர் லீக்கிலும் ஒரு சீசன் எல்லா அணிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். கடைசி வாரங்களில் பாதி மேசை காலியாகக் கிடந்தது. முதலிடம் பிடித்த அணி கால் இறுதியில் எட்டாம் இடத்து அணியிடம் தோற்று வெளியே போனது. தோற்ற அணியின் கேப்டன் அடுத்த சீசனுக்குப் பெயரே கொடுக்கவில்லை. நியாயம்தானே?

இனி கொஞ்சம் கணக்கு. ஒரு அணி எதிரணியைவிடத் தெளிவாகவே மேல், நூறு ரேக் ஆடினால் அறுபதை எடுத்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். பிரேக், அதாவது ரேக்கின் முதல் அடி, யாருடையது என்பதையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடலாம். முதலில் மூன்று ரேக் எடுப்பவர் வெற்றி என்றால் அந்த நல்ல அணி ஜெயிக்கும் வாய்ப்பு 68 சதவீதம். ஐந்து என்றால் 73. ஏழு என்றால் 77, ஒன்பது என்றால் 80. எட்டு அணி நாக்-அவுட்டில் கோப்பைக்கு மூன்று ஆட்டம் வரிசையாக ஜெயிக்க வேண்டும். மூன்று ரேக் ஆட்டமாக (முதலில் மூன்று எடுப்பவருக்கு வெற்றி) வைத்தால் எல்லா அணிகளையும்விட மேலான அந்த அணிக்கே கோப்பை வாய்ப்பு 32 சதவீதம்தான். இதற்குப் பேசாமல் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாம்.

சரி, முதல் நான்கு அணிகளை மட்டும் எடுத்து அரையிறுதி, ஃபைனல் என்று வைத்தால்? ஐந்து ரேக் ஆட்டத்தில் அதே அணிக்கு 54 சதவீதம். ஆட்டத்தை ஒன்பது ரேக்காக நீட்டினால் 64. ஆனால் ஒன்பது ரேக் ஆட்டம் ஒன்று 17 ரேக் வரை போகலாம். நம்மைப் போன்றவர்கள் எட்டு-பந்து ஆட்டத்தில் கடைசியில் போட வேண்டிய கறுப்புப் பந்தைச் சுற்றிச் சுற்றி வரும் வேகத்துக்கு, பார்லர்காரர் ஷட்டரை இழுத்துவிடுவார்.

ஆட்டத்தை நீட்டாமலே இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஐ.பி.எல். பார்க்கும் எல்லாருக்கும் தெரிந்த முறைதான். முதல் இரண்டு அணிகள் குவாலிஃபயர் ஆடும், ஜெயித்தவர் நேரே ஃபைனல். மூன்றும் நான்கும் எலிமினேட்டர் ஆடும், தோற்றவர் வீட்டுக்கு. குவாலிஃபயரில் தோற்றவரும் எலிமினேட்டரில் ஜெயித்தவரும் இரண்டாம் குவாலிஃபயரில் மோதி, அதில் ஜெயித்தவர் ஃபைனல் போவார். இதற்குப் பேஜ் முறை என்று பெயர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கால்பந்து லீக்கில் 1931-லேயே வந்துவிட்டது. இதில் ஐந்து ரேக் ஆட்டமாகவே வைத்தாலும், முதல் இரண்டு இடத்துக்குள் வந்த நம் நல்ல அணிக்குக் கோப்பை வாய்ப்பு 68 சதவீதம். ஒன்பது ரேக் நாக்-அவுட்டைவிட நான்கு கூடுதல்! அந்த நாக்-அவுட்டின் மூன்று ஆட்டமும் சேர்ந்து 51 ரேக் வரை இழுக்கலாம். பேஜ் முறையின் நான்கு ஆட்டத்துக்கும் சேர்த்தே 36 ரேக்தான் உச்சம். குறைந்த நேரத்தில் அதிக நியாயம் கிடைக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம்தான்.

நான்கு அணியும் சம பலம் என்றாலும் இந்த முறை லீக்குக்கு மரியாதை செய்கிறது. முதல் இரண்டு அணிகளுக்குத் தலா 37.5 சதவீதம், மற்ற இரண்டுக்கும் தலா 12.5. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் கடைசி வாரத்தில் யாரும் வாக்-ஓவர் கொடுக்கமாட்டார்கள். காய்ச்சல்காரர்கூட மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

அப்படியானால் கீழே இருப்பவர்களுக்குக் கதவை மூடுகிறோமா? இல்லை. ஐ.பி.எல்.லில் இந்த முறை வந்த 2011 முதல் 2025 வரை, மூன்றாம் நான்காம் இடங்களிலிருந்து வந்து கோப்பை வென்றது 2016-ல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் ஒன்றுதான். ஆனால் அதே 2016-ல் லீக்கில் முதலிடம் பிடித்த குஜராத் லயன்ஸ் இரண்டு குவாலிஃபயரிலும் தோற்று ஃபைனலையே பார்க்கவில்லை. 2012-ல் நான்காம் இடத்திலிருந்து ஃபைனல் வரை போனது நம் சென்னை அணிதான். அதற்கு முன் 2010-ல், சாதாரண அரையிறுதி முறை இருந்தபோது, சென்னை மூன்றாம் இடத்திலிருந்து வந்து, லீக்கில் முதலிடம் பிடித்த மும்பையை ஃபைனலில் வீழ்த்திக் கோப்பை வாங்கியது. அன்றைக்கு இது நியாயமா என்று நாம் யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

இன்னும் சிலர் டபுள் எலிமினேஷன்தான் (இரண்டு முறை தோற்றால்தான் வெளியே) பூலின் முறை என்பார்கள். நைன்-பால் என்ற பூல் வகையின் உலக சாம்பியன்ஷிப்பில் அண்மை ஆண்டுகளில் 128 பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அங்கேயும் 64 பேர் ஆனதும் நாக்-அவுட்டுக்கு மாறிவிடுகிறார்கள். எட்டு அணிக்கு முழு டபுள் எலிமினேஷன் என்றால் 14 ஆட்டம், தோல்வியே காணாத அணி ஃபைனலில் தோற்றால் 15. இரண்டு மேசை வைத்துக்கொண்டு இதை நடத்துவது யாருக்கும் நல்லதல்ல. ஒருமுறை தோற்று, தோற்றவர்கள் பிரிவில் ஆடும் அணி ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டம் ஆடிவிட்டு ஃபைனலுக்கு வரும்போது கை நடுங்கிக்கொண்டிருக்கும்.

விறுவிறுப்பு வேண்டும் என்ற அந்த வாசகரின் ஆசைக்கும் இடம் இருக்கிறது. ஐந்து முதல் எட்டு வரை வந்த அணிகளுக்குத் தனியாக ஒரு சின்னக் கோப்பை வைத்து, அதில் மூன்று ரேக் நாக்-அவுட் ஆடவிடலாம். மேசை காலியாகும்போது நடத்திக்கொள்ளலாம், கலகலப்பாகவும் இருக்கும்.

எந்த முறையாக இருந்தாலும், லீக்கில் பாதி ஆட்டமாவது ஆடாதவரை பிளே-ஆஃபில் இறக்கக்கூடாது. இல்லையென்றால் எங்கிருந்தோ ஒரு மாநில அளவு ஆட்டக்காரர் புது க்யூவோடு வந்து நிற்பார். ஹேண்டிகேப், அதாவது திறனுக்கு ஏற்பச் சமன்படுத்தும் ஏற்பாடு, வைக்கும் லீக்குகளுக்கு இன்னொரு தலைவலி உண்டு. அமெரிக்காவில் அமெச்சூர் லீக்குகளை நடத்தும் ஏ.பி.ஏ. அமைப்பு ஒவ்வொருவருக்கும் திறன் எண் கொடுத்து, ஆடும் ஐந்து பேரின் எண்களைக் கூட்டினால் 23-ஐத் தாண்டக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் லீக்கில் வேண்டுமென்றே நாலு ஆட்டம் தோற்று எண்ணைக் குறைத்துக்கொண்டு, பிளே-ஆஃபில் சுயரூபம் காட்டுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிளே-ஆஃப் தொடங்கும் முன் எண்களை ஒருமுறை கமிட்டி பார்த்துவிடுவது நல்லது.

புள்ளிகள் சமமானால் என்ன செய்வது என்பதையும் முதல் வாரத்திலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். நேருக்கு நேர் ஆடியதில் யார் ஜெயித்தது என்பதை முதலில் பார்க்கலாம், அதற்கப்புறம்தான் ரேக் வித்தியாசம். வாக்-ஓவருக்கு எத்தனை ரேக் எழுதுவது என்று முடிவு செய்யாமல் ரேக் வித்தியாசத்தை நம்பினால், சண்டை வராத சீசனே இருக்காது.

இதெல்லாம் இரண்டு மேசை, எட்டு அணி என்று வைத்துச் சொன்னது. சென்ற இதழில் எழுதிய வாசகரின் கிளப்பில் ஆறு ஏழு மேசை இருந்தால் டபுள் எலிமினேஷன் பற்றி நான் சொன்னதைத் தள்ளிவிடலாம். எத்தனை மேசை என்று அவர் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்