அரைச் சாயம் போட்ட நானாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எக்ஸ்ரேயும் சுத்தம், ஈசிஜியும் சுத்தம். பின்னேரம் டொக்டர் சொன்னார், இன்னும் எனக்கு அது முழுதாக உள்ளே இறங்கவில்லை, ஆனால் நாளைக்கு என்று வைத்தால் இதை நான் எழுதவே மாட்டேன் என்று தெரியும், அதனால் இரவோடு இரவாக எழுதிவிடுகிறேன். சிகரட்டை ஏன் விட்டேன், எப்படி விட்டேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. பாதிப் பேர் அன்றிரவு ஆஸ்பத்திரி வாசலில் நின்றீர்கள். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் என்னைத் தாங்கியவர்களுக்குத்தான் இந்த மடல்.

சிகரட்டை விட்டதற்கு எல்லோரும் கைகொடுத்தீர்கள். மனவுறுதி, மனவுறுதி என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, சரி, அன்பாகச் சொன்னதுதானே. பிறகு எல்லோரும் தங்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனீர்கள், அதுவும் நியாயம்தான். என் உடம்புக்கு மட்டும் வேலை முடியவில்லை. நிகோட்டின் இரண்டு மூன்று நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், எரிச்சலும் தலையிடியும் 2 முதல் 4 வாரத்துக்குள் அடங்கும் என்று வாசித்திருந்தேன், பெரும்பாலும் அப்படியேதான் அடங்கியது. ஆனால் மற்றவை நின்றன. சிகரட் பத்திக்கொண்டு திரிந்த காலத்தில்கூட நான் இப்படி இருமியதில்லை. விடியப்புறம் எழும்பினால் மண்ணிறத்தில் சளி. வாய்க்குள் புண், கறியில் கொஞ்சம் உறைப்புப் பட்டாலே கண்ணால் தண்ணீர். வயிறும் இறுகிப்போனது. நன்றி மடலில் இதையெல்லாம் எழுதலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள், ஆனால் பப்பாசிப்பழம் கொண்டுவந்து தந்த மேல்மாடி அக்காவுக்கு வேறு எப்படி நன்றி சொல்வது? குடலைத் தள்ளி நடத்திக்கொண்டிருந்ததும் நிகோட்டின்தானாம், அது நின்றால் குடலும் கொஞ்ச நாள் சோம்பிப்போகுமாம்.

இலங்கையில் சிகரட் பெட்டியில் 80 வீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட்டிருக்கிறார்கள், 2015இலிருந்து. நல்ல விஷயம்தான். ஆனால் விட்ட பிறகு என்ன நடக்கும் என்று அதில் ஒரு வரி கிடையாது, போட்டாலும் என்ன, எங்கள் தெருவில் முழுப் பெட்டி வாங்குகிறவர் யார், ஒன்று ஒன்றாகத்தானே வாங்குகிறோம்.

இருமலைத் தாங்கலாம். என்னைப் பயமுறுத்தியது நெஞ்சுப் படபடப்பு. கை நடுங்கும், பில் எழுதும்போது எழுத்துக் கோணும், இரவு நித்திரை வராது, வந்தாலும் கனவு ஒவ்வொன்றும் முழுநீளப் படம் மாதிரி ஓடும், நடுச்சாமத்தில் எழும்பிக் கட்டிலில் இருந்து என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு வாரத்தில் போக வேண்டியது ஏன் போகவில்லை? யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை, சொன்னால் "அப்ப ஒண்டு பத்துவம் எண்டு நினைக்கிறியோ" என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம். உண்மையும் அதுதான், ஒன்றைப் பத்தினால் இதெல்லாம் நின்றுவிடும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

இங்கேதான் நானா வருகிறார்.

பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொழும்புப் புறக்கோட்டையில் நாலாம் குறுக்குத் தெருப் பக்கம் வருகிறவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கும், எங்கள் மொத்தக் கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில் தேத்தண்ணிக் கடை. அங்கேதான் நான் இத்தனை வருசமும் பத்தினது. ஒரு பிளேன்டி (பால் விடாத கறுப்புத் தேத்தண்ணி), ஒரு சிகரட், இரண்டும் சேர்ந்துதான் எனக்கு ஒரு ஓய்வு. சிகரட் போனதும் பிளேன்டி மட்டும் மிஞ்சியது, கைக்கும் வாய்க்கும் ஏதாவது வேண்டுமே, முன்பு சிகரட்டுக்காக எழும்பிய ஒவ்வொரு தடவையும் இப்போது தேத்தண்ணிக்காக எழும்பினேன். நல்ல கறுப்பாக, தேயிலைச் சாயம் கூட. போய்ப் போய்க் குடித்தேன். நானா ஊற்றி ஊற்றித் தந்தார், அவருக்கு வியாபாரம்.

ஒரு நாள் அவர் நீட்டிய கிளாஸைப் பார்த்தால் மறுபக்கம் தெரிகிறது. நானா, தூள் முடிஞ்சுதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, கை நடுங்கிறத நான் பாத்துட்டுத்தான் ஈக்கிறேன். சிகரட்ட உட்ட ஆளுக்கு இந்தச் சாயம் கூட. எங்க வாப்பா ஹஜ்ஜுக்குப் போக முந்தி பீடிய உட்டாரு, அதுக்குப் பொறகு மஃரிபுக்கு ஒரு பிளேன்டி குடிச்சா சுபஹு வரைக்கும் முழிச்சிட்டு ஈப்பாரு. உம்மா சாயத்தக் கொறச்ச பொறகுதான் தூங்கினாரு. இதக் குடிச்சுப் பாருங்க. சரியில்லாட்டி காசு வாணாம்."

நான் நம்பவில்லை. வாழ்நாள் முழுக்கக் குடித்த தேத்தண்ணி திடீரென்று எனக்கு ஏன் நஞ்சாக வேண்டும்? ஆனால் அந்த மனுசன் அதற்குப் பிறகு எனக்கு முழுச் சாயம் தரவே இல்லை. கேட்டாலும் தரவில்லை. கடைப் பெடியனிடமும் சொல்லி வைத்துவிட்டார். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனால் அதுவும் இல்லை, வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் போட்டு அவித்த தண்ணீர்தான், தேயிலை ஒரு துளியும் கிடையாது. என்னைத் தூரத்தில் காணும்போதே பெடியன் உள்ளே பார்த்து "அரைச் சாயம் ஒண்டு!" என்று கத்துவான். இப்போது அந்த ஒழுங்கையில் எனக்குப் பேரே அரைச் சாயம்தான், மூட்டை சுமக்கும் நாட்டாமை அண்ணைமார்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த வாரம் முடிய முன்னமே கை நடுக்கம் போய்விட்டது. படபடப்புப் போனது. நித்திரை வந்தது, அதை எப்படிச் சொல்ல, எனக்கு நித்திரை வந்தது!

காரணத்தைச் சொன்னது கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பாமசித் தங்கச்சி. வாய்ப்புண்ணுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், அவ ஆச்சரியப்படவே இல்லை. சிகரட் புகையின் தாரில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலை உசுப்பிவிடுமாம், அதனால் தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை ஈரல் வேகமாக உடைத்துத் தள்ளிவிடும், பத்துகிறவர்கள் எவ்வளவு குடித்தாலும் தாங்குவது அதனால்தான். புகை நின்ற சில நாட்களிலேயே ஈரல் தன் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். குடிக்கும் அளவு மாறாது, ஆனால் இரத்தத்தில் நிற்கும் கஃபீன் இரண்டு மடங்கு வரைக்கும் போகலாம். படபடப்பு, நடுக்கம், நித்திரைக் கெடுதி எல்லாம் சிகரட்டை விட்டதால் வருகிற வருத்தம் மாதிரியே இருக்கும், ஆனால் ஆள் வேறு. இது நிகோட்டின் செய்கிற வேலை இல்லையாம், அதனால் நிகோட்டின் சுவிங்கமோ தோலில் ஒட்டுகிற பட்டியோ பாவிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். பாதியாகக் குறையுங்கள் என்றுதான் அவவும் சொன்னா, நானாவின் உம்மா எப்போதோ கண்டுபிடித்த அதே பாதி.

அவ இன்னொன்றும் சொன்னா, அதை நான் கட்டாயம் இங்கே எழுத வேண்டும். இதே ஈரல் வேலையால் சில குளிசைகளின் அளவும் மாறுமாம். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் எடுக்கிறவர்கள், மனநோய்க்குக் குளோசபின், ஒலான்சபின் எடுக்கிறவர்கள், சிகரட்டை விடுவதாக இருந்தால் டொக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும், தாங்களாகக் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர்களும் சீனி அளவைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். இதைச் சொன்னதற்காகவே தங்கச்சிக்குத் தனி நன்றி.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்க்கிறேன், குறை நினைக்காதீர்கள். என் இருமலை ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து மாதக்கணக்காகக் கேட்டும் ஒரு வார்த்தை முகம் கோணிச் சொல்லாத பக்கத்து வீட்டு ஐயாவுக்கும் அம்மாவுக்கும். செத்தல் மிளகாய் மூட்டை பிரிக்கிற நேரத்தில் என்னை வெங்காயப் பக்கம் அனுப்பிவிட்ட முதலாளிக்கு, அந்தத் தூசியில் நல்ல நெஞ்சுக்காரனே நிற்க மாட்டான். தாங்கள் பத்துவதற்கு ஒழுங்கையின் மற்ற முனைக்கு, வெயிலில், நடந்து போன கூட்டாளிமாருக்கு, நீங்களும் விடுங்கடா என்று இப்போது சொல்ல மாட்டேன், சொல்லுகிற நாள் வரும். புகையிலை, மதுசார அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தில் என்னோடு பொறுமையாகக் கதைத்த பிள்ளைக்கு. புண் ஆறும் வரை உறைப்பில்லாமல் சொதியும் இடியப்பமுமாக எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையல் வைத்த என் வீட்டுக்காரிக்கும், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது சாப்பிட்ட பிள்ளைகளுக்கும்.

டொக்டருக்கும் நன்றி. இருமல் இவ்வளவு காலம் நிற்பது சரியில்லை என்று நான் போனபோது வெறும் மருந்துத் துண்டு எழுதி அனுப்பாமல் இருத்தி வைத்துக் கதைத்தார். மூச்சுக்குழாயின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றனவாம், சளியையும் தூசியையும் மேலே தள்ளுவது அவற்றின் வேலை, புகை அவற்றை முடக்கிப் போட்டிருந்தது, இப்போது அவை திரும்ப அசையத் தொடங்கியிருக்கின்றன. வேலைநிறுத்தம் முடிந்து மாநகரசபைக் குப்பை லொறி வந்தால் தெருவே நாறுமே, அதுதான் என் நெஞ்சுக்குள் நடப்பது என்று நான் எனக்குள் விளங்கிக்கொண்டேன். இருமலும் மூச்சு வாங்குவதும் 1 முதல் 9 மாதத்துக்குள் படிப்படியாகக் குறையும் என்றார். அதற்காகச் சும்மா இருக்கவும் விடவில்லை, படமெடுத்துப் பார்ப்போம் என்றார், படபடப்பைப் பற்றிச் சொன்னதும் ஈசிஜியும் எடுக்கச் சொன்னார். சளியில் இரத்தம் கண்டால், நெஞ்சு நொந்தால், காரணமில்லாமல் மெலிந்தால், மூச்சு வாங்குவது கூடிக்கொண்டு போனால், சிகரட்டை விட்டதால்தான் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே வரவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். மெலிகிற கவலை எனக்கு இல்லை, விட்டவர்கள் முதல் வருசத்தில் சராசரியாக 4, 5 கிலோ கூடுவார்களாம், என் காற்சட்டைகள் அதற்குச் சாட்சி.

நானாவை நினைத்தால் எனக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. அவர் சிகரட்டும் விற்கிறார், லைட்டர் கயிற்றில் தொங்குகிறது, நான் அவருடைய நல்ல வாடிக்கையாளன். எனக்கு முழுச் சாயம் ஊற்றிக்கொண்டே இருந்திருந்தால் ஏதோ ஒரு நாள் நான் அந்த லைட்டரை எட்டிப் பிடித்திருப்பேன், அவ்வளவு கிட்டப் போயிருந்தேன். நாங்கள் எல்லோரும் என் மனசைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம், நான் உட்பட. அவர் மட்டும் என் கையைப் பார்த்தார். புத்தி சொல்லவில்லை, பாராட்டவில்லை, தேயிலைத் தூளில் அரைக் கரண்டியைக் குறைத்தார், அவ்வளவுதான். இதைச் சொல்லி நேற்று அவருக்கு நன்றி சொல்லப் போனேன், "தூள் மிச்சம் தம்பி, எனக்குத்தான் லாபம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ஆற்றத் தொடங்கிவிட்டார்.

இனி யாராவது விட்டுவிட்டேன் என்று சொன்னால் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி நித்திரை வருகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி என்பதுதான். தொடங்கியும் விட்டேன். நாட்டாமை அண்ணை ஒருவர் போன கிழமை பீடியைத் தூக்கி எறிந்திருக்கிறார், கறுப்புத் தேத்தண்ணியில்தான் அவருக்கு நாளே ஓடுவது, கையைப் பார்த்தேன், நடுக்கம் இருக்கிறது. நானாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது பெடியன் "அரைச் சாயம் ரெண்டு!" என்று கத்துகிறான், பேரில் பங்கு கேட்டு அண்ணை என்னோடு சண்டை.

சனிக்கிழமை கடைக் கணக்கு முடிந்ததும் எல்லோரும் நானாவின் கடைக்கு வாருங்கள், தேத்தண்ணியும் மீன் வைத்த மாலுபாணும் என் கணக்கில். முழுச் சாயம் வேண்டியவர்கள் தாராளமாக முழுச் சாயம் குடியுங்கள், காசை மட்டும் யாரும் நீட்டாதீர்கள், நானாவிடம் வாங்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.